தாத்தா எப்போ வருவார்? சாவு வருகிற கதையைக் குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். மகளுக்கு ஆறு வயது. தாத்தா சமீபத்தில் காலமாகிவிட்டார். 'சாமிகிட்ட போயிருக்கார்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எப்போ வருவார் என்று தினமும் கேட்கிறாளாம். சாவு வருகிற கதையை இப்போது படித்தால் பயந்துவிடுவாளோ என்பது அவர்களுடைய சந்தேகம்.

தாராளமாகப் படித்துக் காட்டுங்கள்மா. ஆனால் அதற்கு முன்னால், 'தாத்தா இறந்துட்டார், இனி வரமாட்டார்' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். திருப்பதிக்குப் போய்ச் சாமி கும்பிட்டவர்கள் மறுநாளே காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குவதைப் பார்க்கிற பிள்ளை, சாமியிடம் போன தாத்தாவும் வருவார் என்றுதானே காத்திருக்கும்? 'தூங்குறார்' என்றும் சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் ராத்திரி கண்ணை மூடவே பயப்படும். இறந்தவர் திரும்பமாட்டார், அந்த உடம்புக்குப் பசியும் வலியும் கிடையாது, இது எல்லோருக்கும் உண்டு என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடும். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். அடம்பிடித்துக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

சரி, எந்தக் கதை? நான் முதலில் எடுப்பது ஈ. பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. ஆங்கிலப் புத்தகம்தான், நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். வில்பர் என்கிற பன்றிக்குட்டியை வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்ததும், சார்லட் என்கிற சிலந்தி தன் வலையில் வார்த்தைகளைப் பின்னி அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் சிலந்திக்கு ஆயுசு குறைவு. சந்தை கூடிய மைதானத்தில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு தனியாகச் செத்துப்போகிறது. அதன் முட்டைப் பையை வில்பர் தன் வாயில் வைத்துப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வசந்த காலத்தில் குஞ்சுகள் பொரித்து, பெரும்பாலானவை காற்றில் பறந்துவிட, மூன்று மட்டும் தங்குகின்றன. வில்பருக்கு அவை மேல் கொள்ளைப் பிரியம். ஆனாலும் சார்லட் இருந்த இடத்தை எதுவும் பிடிக்கவில்லை என்று ஒயிட் ஒளிக்காமல் எழுதிவிடுகிறார். இந்த நேர்மைக்காகவே இந்தப் புத்தகத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும். துக்கம் தீராமலும் சந்தோஷமாக இருக்கலாம் என்பதை ஆறு வயதுக்கு வேறு எப்படிச் சொல்லிவிட முடியும்?

மொத்தம் 22 அத்தியாயம். ராத்திரிக்கு ஒன்று போதும். சார்லட் சாகிற இடத்தைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள். உங்களுக்குத் தொண்டை அடைத்தால் அடைக்கட்டும், அவள் பார்க்கட்டும். 'நம்ம தாத்தா மாதிரிதான்' என்று நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம், தோன்றினால் அவளே சொல்வாள்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறார்கள். கர்ணனின் மனைவி பொன்னுருவி அழுகிறபோது கூட்டமும் சேர்ந்து அழும், மடியில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும். சாவு நடந்த வீட்டிலேயே சாவுக் கதையை ஆட வைத்தவர்கள் நாம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பேன்.

அப்புறம், படிக்கிறபோது ஒருநாள் 'நீயும் செத்துடுவியாம்மா?' என்று கேட்பாள். 'எல்லோரும் ஒருநாள் சாவோம். ஆனா நான் ரொம்ப வருஷம் உன்கூட இருப்பேன்னுதான் நினைக்கிறேன்' என்று சொல்லுங்கள். அப்பா, பாட்டி, அத்தை என்று அவளைப் பார்த்துக்கொள்ள யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் உண்மையில் கேட்பது அதைத்தான்.