குழந்தையின் பல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு: வீட்டில் முதல் மூன்று நாள்

[திரையில்: மீட்பு அறை. குழந்தை கண் விழிக்கிறது.]

முழு மயக்கம் கொடுத்துச் செய்த பல் சிகிச்சை முடிந்து குழந்தை விழிக்கிறது. கத்தும், உதைக்கும், பெற்றவர்களையே அடையாளம் தெரியாதது போல் பார்க்கும். பெரும்பாலும் இது வலி அல்ல. மயக்க மருந்து தெளியும்போது வரும் குழப்பம். அரை மணி நேரத்துக்குள் அநேகமாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் சமாதானப் பேச்சு காதில் ஏறாது. கீழே விழாமல், கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கிவிடாமல் அணைத்துப் பிடித்திருங்கள், போதும்.

கிளம்பும் முன் நர்ஸிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. வலி மருந்து கொடுத்தார்களா, எது, எத்தனை மணிக்கு? சிகிச்சை நடக்கும்போதே பாராசிட்டமால் ஊசி வழியாகப் போயிருக்கலாம். அது தெரியாமல் வீட்டுக்கு வந்ததும் ஒரு டோஸ் கொடுத்தால் இரண்டும் மிக நெருங்கிவிடும்.

வண்டியில் ஓட்டுபவரைத் தவிர இன்னொரு பெரியவர் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும். தூக்கக் கலக்கத்தில் தலை முன்னால் தொங்கி மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கும். தலையை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கை தேவை. வீட்டில் தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் புரையேறும் ஆபத்து குறையும்.

[திரையில்: உதட்டைக் கடிக்கும் குழந்தை]

பெற்றோர் எல்லாரும் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் வீட்டில் அதிகம் நடக்கும் கேடு வேறு. மரத்துப்போன உதட்டை குழந்தை மென்றுவிடுவதுதான். மரப்பு ஊசி போட்டிருந்தால் பல்லின் மரப்பு விலகிய பிறகும் உதடும் கன்னமும் 3 முதல் 5 மணி நேரம் வரை மரத்தே இருக்கலாம். குழந்தைக்கு அது விசித்திரமாக இருக்கும். கடிக்கும், கிள்ளும், உறிஞ்சும். வலி தெரியாததால் நிறுத்தாது. அந்த நேரம் முழுக்க ஒருவர் முகத்தைப் பார்த்தபடியே இருங்கள். மெல்ல வேண்டிய உணவு எதுவும் தராதீர்கள்.

கடித்துவிட்டால் மறுநாள் உதடு வீங்கி, மேலே வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பார்த்தால் சீழ் மாதிரி இருக்கும், ஆனால் சீழ் அல்ல. அதைச் சுரண்டாமல் விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். பல் எடுத்த குழியில் இரண்டாம் மூன்றாம் நாளில் தெரியும் மஞ்சள் வெள்ளைப் படலமும் இப்படித்தான். அது புண் ஆறும் அடையாளம், துடைத்து எடுக்காதீர்கள்.

ரத்தத்துக்கு வருவோம். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வரும், தலையணையில் கறை படியும். ஒரு துளி ரத்தம் எச்சிலோடு கலந்தால் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். விழுங்கிய ரத்தம் ஓரிரு முறை காப்பிப்பொடி நிறத்தில் வாந்தியாக வருவதும் உண்டு.

குழியிலிருந்து ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் குழந்தையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுத்தமான காஸ் துணியை மடித்து, நனைத்துப் பிழிந்து, குழியின் மேல் வைத்து அழுத்துங்கள். சின்னக் குழந்தை கடித்துப் பிடிக்காது, உங்கள் விரலால் பிடிக்க வேண்டும். 15 நிமிடம், கடிகாரம் பார்த்து. நடுவில் எடுத்துப் பார்க்கவே கூடாது. எடுத்தால் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். 24 மணி நேரம் ஸ்ட்ரா, சிப்பர், கொப்பளிப்பது, துப்புவது எதுவும் வேண்டாம். உறிஞ்சும் இழுப்பே உறைவைப் பெயர்க்கும்.

[திரையில்: இரண்டு மருந்து பாட்டில்கள், ஒரு சிரிஞ்ச்]

இப்போது மருந்து. நிதானமாகக் கேளுங்கள், தவறு நடப்பது இங்கேதான். பாராசிட்டமாலின் வழக்கமான கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் 4 முறை. 14 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 210 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 8.75 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 4.2 மில்லிதான். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் அதே 8.75 மில்லியை ஊற்றினால் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். லேபிளைப் படித்து சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கரண்டி வேண்டாம், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். உங்கள் மருத்துவர் எழுதிய அளவு வேறாக இருந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் டோஸை மரப்பு விலகும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வலி வந்த பிறகு கொடுத்தால் மருந்து வேலை செய்யும் வரை குழந்தை அழும், தண்ணீரும் குடிக்காது. ஐபுப்ரோஃபென் எழுதியிருந்தால் சாப்பிட்ட பிறகு. வாந்தி நிற்காமல் தண்ணீர் வற்றிய குழந்தைக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கோடீனும் 12 வயதுக்குள் கூடாது. சில குழந்தைகளின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே மந்தமாக்கிவிடும்.

முதலில் ஒன்றிரண்டு தேக்கரண்டி தண்ணீர். தங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாந்தி எடுத்தால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி துளித்துளியாக. அன்று சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, குடிக்காவிட்டால்தான் கவலை. பிறகு தயிர், மசித்த பழம் மாதிரி மிருதுவானவை, சூடில்லாமல்.

அன்று இரவே, கொப்பளிக்காமல், பல் துலக்குங்கள். பல் எடுத்த குழியை மட்டும் விட்டுவிடலாம். ஸ்டீல் கேப் (பல்லை மூடும் உலோக உறை) போட்ட பல்லைச் சுற்றி ஈறு ரத்தம் கசியும், அதற்காகத் துலக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் வீங்கி, இன்னும் கசியும். மூன்று வயதுக்குள் பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு.

[திரையில்: உடனே அழைக்க வேண்டியவை]

மூச்சு விடச் சிரமம், எழுப்ப முடியாத தூக்கம் என்றால் அவசர சிகிச்சைக்கே போங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாந்தி நான்கு முறைக்கு மேல், காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியது என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை கூடலாம். அதற்குப் பிறகும் வளர்ந்தால், கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழேயோ பரவினால், வாய் திறக்க முடியாமல் போனால், காலை வரை காத்திருக்காதீர்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது, கடைவாய்ப் பால்பல் எடுத்திருந்தால் ஒன்று கேளுங்கள். அதன் இடத்தில் நிலைப்பல் வர 10 முதல் 12 வயதாகலாம். அதுவரை பக்கத்துப் பல் காலி இடத்துக்குள் சாய்ந்துவிடாமல் தடுக்கும் கம்பி வளையம் இந்தக் குழந்தைக்கு வேண்டுமா, எப்போது பொருத்துவார்கள்?