செல்ஃப் அடிக்கும்போது என்ன சத்தம் வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது?" என்றுதான். எதிர்முனையில் ஒரு தயக்கம். "சத்தமா... அதைக் கவனிக்கலையே. பேட்டரி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." எந்தக் கோளாறு வந்தாலும் முதல் பழி பேட்டரியின் தலையில்தான் விழுகிறது. நல்ல பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். அதற்கப்புறமும் வண்டி அசையாது. பட்டறைகளில் இது சர்வசாதாரணம். அதனால் இன்றைக்குச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். வானொலிக்கும் அதுதான் வசதி.

சாவியைத் திருப்பும்போது நடக்கக்கூடியது இரண்டு. ஒன்று, எஞ்சின் சுற்றவே இல்லை. இன்னொன்று, எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது. செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிட்டது என்றால் பேட்டரி தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. அதற்கப்புறம் தேட வேண்டியது எரிபொருளையும் தீப்பொறியையும். சுற்றவே இல்லை என்றால் பெட்ரோல் பம்ப்பையும் பிளக்கையும் நோண்டிப் பிரயோஜனமில்லை.

முதலில், சுற்றாத வண்டி. இதில் அடிக்கடி கேட்கும் சத்தம், "டகடகடகடக" என்று வேகமாக வரும் ஒரு தட்டல். செல்ஃப் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்று ஒரு காந்தச் சுவிட்ச் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது இழுத்துப் பிடித்து மோட்டாருக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். பேட்டரியில் தெம்பில்லை என்றால் அந்த நொடியே வோல்ட் சரிந்து காந்தம் பிடியை விட்டுவிடும். விட்டதும் சுமை இல்லை, வோல்ட் ஏறும், மறுபடி பிடிக்கும். இந்தப் பிடிப்பும் விடுதலும்தான் அந்தத் தட்டல்.

"லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்புறம் எப்படிப் பேட்டரி காலி?" என்று கேட்பார்கள். ஒரு சாதாரண ஹெட்லைட் பல்புக்கு ஐந்து ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். டீசல் வண்டி என்றால் இன்னும் அதிகம். 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்னால் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி மனிதர்கள் தோள்பலத்தால் சுற்றிய வேலை அது. லைட் எரிகிறது என்பதற்காக அந்த வேலைக்குப் பேட்டரி தயார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் தட்டல் சத்தம் கேட்டவுடனே பேட்டரி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அதே சத்தம் பேட்டரியில் வயர் சேரும் டெர்மினல் லூஸாக இருந்தாலும் வரும், பூத்துப்போயிருந்தாலும் வரும். பானெட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி படிந்திருக்கிறதா? அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பைக் கையால் திருகினால் அசைகிறதா? கையால் அசைகிற கிளாம்ப் நூறு ஆம்பியரைக் கடத்தாது.

வெளியே சுத்தமாகத் தெரிந்து உள்ளே பூத்திருக்கும் கிளாம்புகளும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. எளிமையானதுதான், ஆனால் செய்கிறவர்கள் குறைவு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தலையில் வையுங்கள். மற்ற முனையை அந்தத் தலையைச் சுற்றியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, மீட்டர் பூஜ்யம் காட்டும். இப்போது இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இணைப்பு நல்லதாக இருந்தால் அப்போதும் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால், மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட் அந்தத் தலைமுடி இடைவெளியிலேயே தொலைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் பார்க்க மறக்க வேண்டாம். பேட்டரி வாங்கியும் தீராத பல வழக்குகள் அங்கேதான் முடிகின்றன.

மீட்டர் கையில் இருக்கும்போதே பேட்டரியையும் பார்த்துவிடலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழுச் சார்ஜுள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-ஐ ஒட்டி வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பலவீனம். 12.6 இருந்தும் அடிக்கும்போது சரிகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

அடுத்து, ஒரே ஒரு "டக்", அப்புறம் மௌனம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். லைட் அடியோடு மங்கினால் மறுபடி பேட்டரி, இணைப்பு என்று போங்கள். லைட் பிரகாசமாகவே நின்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சொலினாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம். ஸ்பானர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினால் ஒருமுறை கிளம்பும். அது வீடு போய்ச் சேரத்தான் உதவும். நாளைக்கும் தட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளத்தில் ஓட்டி நின்றுபோன வண்டி "டக்" என்று சொல்லி நின்றால், தயவுசெய்து இன்னொரு முறை திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏற முயலும்போது வளைவது கனெக்டிங் ராடுதான். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு சாவித் திருப்பலில் எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

சத்தமே இல்லை, லைட் நன்றாக எரிகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு சுவிட்ச் அனுமதி தரவில்லை. ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். கிளட்சை முழுதாக மிதியுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதித்தும் வெறும் ரேடியோ மட்டும் உயிர் பெறுகிறதா? பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் சுவிட்சையும் அதன் ஃப்யூஸையும் பாருங்கள். ரிமோட் சாவியின் சிறிய பேட்டரி தீர்ந்திருந்தால், சாவியைப் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் பல வண்டிகள் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை.

சரி, இப்போது சுற்றியும் பற்றாத வண்டிக்கு வருவோம். இங்கே முதல் வேலை, செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காமல் இருப்பது. பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடித்தால் மோட்டார் சூடேறும், பேட்டரியும் இறங்கும். அப்புறம் உங்களிடம் ஒன்றுக்கு இரண்டு கோளாறு.

ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பின்சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வரும். அது டேங்கில் இருக்கும் பம்ப். அது வரவில்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸ், ரிலே, கடைசியாகப் பம்ப் என்று வரிசையாகப் பார்க்கலாம். டேங்கில் எரிபொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், முள் பொய் சொல்லும் வண்டிகள் ஏராளம்.

பிறகு மூக்கு. கொஞ்சம் செல்ஃப் அடித்தபின் சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வருகிறதா? வந்தால் எரிபொருள் போகிறது, தீப்பொறிதான் இல்லை. வாடை மிக அதிகமாக இருந்தால் பிளக் நனைந்திருக்கும். அப்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். பல இன்ஜெக்ஷன் வண்டிகள் இதைப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே விடும்.

மூன்றாவது, கண். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா? பல வண்டிகளில் அது அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது அது தீப்பொறியும் தராது, பெட்ரோலும் தராது. இந்தச் சென்சாருக்கு ஒரு குணம் உண்டு: சூட்டில் செத்துப்போகும், ஆறினால் உயிர்பெறும். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்று, அரைமணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால் அதை முதலில் நினையுங்கள்.

இன்னொரு சத்தம். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, சுமையே இல்லாமல் வழுவழுவென்று சுற்றுகிறது. இடையில் வரும் அந்த அமுக்கத்தின் தாளம் இல்லை. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் சுற்றினால் பிஸ்டன் வால்வில் மோதும் எஞ்சின்கள் நிறைய உண்டு.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. குளிரில் டேஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து அடிக்க வேண்டும். டேங்க் வற்றும்வரை ஓட்டியிருந்தாலோ ஃபில்டர் மாற்றியிருந்தாலோ லைனில் ஏர் பிடித்திருக்கும். பம்ப் பண்ணி ஏரை எடுத்தால்தான் கிளம்பும்.

ஜம்ப் கேபிள் போடுவது பற்றி ஒரு வார்த்தை. காலியான பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் பாசிட்டிவ், நல்ல பேட்டரியின் நெகட்டிவ் என்று போய், கடைசி முனையைக் காலியான பேட்டரியில் போடாமல் அந்தக் கிளம்பாத வண்டியின் எஞ்சினில் வெற்று இரும்பில் போடுங்கள். கடைசித் தொடுகையில் பொறி பறக்கும், பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். கிளம்பியதும் பேட்டரியில் வோல்ட்டைப் பாருங்கள், சாதாரணமாக 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. சார்ஜ் சரியாக இருந்தும் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால் எங்கோ கசிவு. டிக்கியில் அணையாத ஐந்து வாட் விளக்கு ஒன்று போதும், சில நாளில் உங்களை நிறுத்திவிடும்.

கடைசியாக, மெக்கானிக்கை அழைக்கும்போது இதைச் சொல்லுங்கள்: எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா, என்ன சத்தம், அப்போது லைட் மங்குகிறதா, டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா, நின்றபோது எஞ்சின் சூடாக இருந்ததா. முடிந்தால் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவர் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுவார்.

வணக்கம்.