அணைந்த பிறகும் பேட்டரியைக் குடிக்கும் சுற்று

வணக்கம், நேயர்களே. பேட்டரியில் ஓடும் கருவி செய்கிறவர்கள், அது வேலை செய்யும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்றுதான் முதலில் கணக்குப் பார்ப்பார்கள். நான் பேச வந்தது அது சும்மா இருக்கும் நேரத்தைப் பற்றி. மணிக்கு ஒருமுறை 2 நொடி விழிக்கும் கருவி, மீதி 3,598 நொடியும் தூங்குகிறது. பேட்டரியின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தத் தூக்கம்தான்.

வெப்பநிலையைக் குறித்துவைக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தேன். சிஆர் 2032 பட்டன் பேட்டரி. சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி கொடுக்கும். கருவியின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப் தூக்கத்தில் 1 மைக்ரோ ஆம்பியர்கூட எடுக்காது. பல வருடம் ஓடும் என்று நம்பினேன். இரண்டே மாதத்தில் பேட்டரி செத்துவிட்டது. தேடிப் பார்த்தால், பேட்டரி வோல்ட்டேஜை அளக்க நானே வைத்த இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள்! 3 வோல்ட்டில் அவை இரண்டும் சேர்ந்து இரவு பகலாக 150 மைக்ரோ ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து என் வழி இதுதான்: வேலை முடிந்ததும் சுற்று தன் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்று போதும். மின்சாரத்துக்குக் கதவு போல வேலை செய்யும் மூன்று முனைச் சுவிட்ச் அது; மின்சாரம் சோர்ஸிலிருந்து டிரெயினுக்குப் போகும், கதவைத் திறப்பதும் மூடுவதும் கேட் முனை. சோர்ஸ் முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், டிரெயினைச் சுற்றிலும் இணைக்கிறோம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டர். இந்த நிலையில் மாஸ்ஃபெட் மூடியே இருக்கும். பட்டனை அழுத்தினால் கேட் கிரவுண்டுக்கு இறங்கும், கதவு திறக்கும். மைக்ரோகன்ட்ரோலர் எழுந்ததும் முதல் வேலையாக இன்னொரு சின்ன என்-சேனல் மாஸ்ஃபெட்டால் அந்தக் கேட்டைக் கீழேயே பிடித்துக்கொள்ளும். நீங்கள் விரலை எடுத்துவிடலாம். பிடித்திருக்கும் செலவு வெறும் 3 மைக்ரோ ஆம்பியர். வேலை முடிந்ததும் பிடியை விடும். மிஞ்சுவது நானோ ஆம்பியர் கணக்கிலான கசிவு மட்டும்.

பட்டனுக்குப் பதில் காந்தம் அருகே வந்தால் இணைப்புக் கொடுக்கும் ரீட் சுவிட்ச் வைத்தால், வீட்டுக் கதவு அசையும்போது கருவி தானே எழும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டுமா? வெறும் 35 நானோ ஆம்பியரில் ஓடும் டைமர் சிப்புகள் இருக்கின்றன. அது ஒரு வருடத்துக்குக் குடிப்பது 0.3 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரி தானாகவே இழப்பது அதைவிட அதிகம்!

மாஸ்ஃபெட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும் வகை இதற்கு உதவாது. 2.5 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சென்சாருக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதற்குப் போகும் சிக்னல் கம்பியை உயர்ந்த வோல்ட்டேஜிலேயே விட்டுவிடாதீர்கள். அந்தக் கம்பி வழியாகவே சென்சார் அரைகுறையாக உயிர் பிழைத்து பேட்டரியை உறிஞ்சும்.

ஆசையில் ஒருமுறை அந்த 1 மெகா ஓமை 10 மெகா ஓமாக மாற்றினேன். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் கருவி யாரும் தொடாமலே எழ ஆரம்பித்தது. போர்டை முகத்தருகே வைத்து மெதுவாக ஊதினேன், எல்இடி எரிந்தது. சால்டரிங் செய்தபோது படிந்த ஃபிளக்ஸ் என்ற பற்றவைப்புப் பசை ஈரத்தை வாங்கிக்கொண்டு கேட்டைக் கிரவுண்டுக்கு இழுத்திருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி 1 மெகா ஓமையே வைத்தேன். ஊதிப் பார்த்தேன். இந்த முறை எரியவில்லை.