பூவின் நடுவே

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராகப் பல ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், உரத்தைப் பற்றியோ விதைநெல்லைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால், என் வாழ்நாளில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்த விடயம் வேறொன்று. பூவின் இதழ்களை விலக்கிவிட்டு அதன் நடுப்பகுதியை உற்றுப் பார்ப்பதுதான் அது. காயும் விதையும் நெல்மணியும் உருவாகும் இடம் அந்த நடுப்பகுதியே. அதைப் பாராமல் பூவைப் பார்த்தோம் என்று சொல்வது, வீட்டு வாசலில் நின்று கோலத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டாரைக் கண்டுவிட்டோம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

படம் காட்ட இயலாத இடத்தில் இருந்து பேசுகிறேன். ஆகையால் உங்கள் எல்லோர் வீட்டு வேலியோரத்திலும் நிற்கும் செவ்வரத்தையிலிருந்து தொடங்குகிறேன். இன்று காலை சாமிப் படத்துக்கு வைப்பதற்காக அதில் ஒரு பூவைப் பறித்திருப்பீர்கள். ஐந்து சிவந்த இதழ்களின் நடுவிலிருந்து நீளமான தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலர் அதனை ஒரே உறுப்பு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு உறுப்புகள். வெளியே இருப்பது குழாய்; பூவின் ஆண் உறுப்புகளாகிய கேசரங்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானது. அந்தக் குழாயின் மேற்பகுதியில் சிறு இழைகளின் நுனிதோறும் மஞ்சள் நிறப் பொட்டுகள் இருக்கும். அவை மகரந்தக்கூடுகள். குழாயின் உள்ளே, நூலொன்று ஊசித் துளையினூடாகச் செல்வதுபோல, பெண் உறுப்பின் தண்டாகிய தம்பம் செல்கிறது. அது குழாயின் நுனியைத் தாண்டி வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் வெல்வெட்டுத் துணியால் செய்ததுபோன்ற ஒரு சிவந்த பொட்டைத் தாங்கி நிற்கிறது. அந்த ஐந்து பொட்டுகளுமே குறிகள். மகரந்தத்தை ஏற்கும் இடங்கள். தேன்சிட்டு தேன் அருந்த அலகை உள்ளே நுழைக்கும்போது அதன் உடல் முதலில் குறியையும் அதன்பின் மகரந்தக்கூடுகளையும் தொடுவதற்கு ஏற்ற ஒழுங்கில் இவை அமைந்துள்ளன.

இதை நான் பாடசாலையில் கற்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடம் இருந்தது, படமும் இருந்தது. பாடசாலை வேலி நெடுகச் செவ்வரத்தை பூத்துக் குலுங்கியது. ஆயினும் நாங்கள் கரும்பலகையில் இருந்த படத்தைக் கொப்பியில் வரைந்து, புல்லி, அல்லி, ஆணகம், பெண்ணகம் என்று பெயர் குறித்து, பரீட்சையில் புள்ளியும் பெற்றோம். எங்களில் ஒருவர்கூட வேலியடிக்குச் சென்று ஒரு பூவைக் கிள்ளிப் பார்க்கவில்லை. எங்களை அனுப்பவும் இல்லை. கேசரம் என்ற சொல்லை அறிந்த பின் கேசரத்தைக் கண்ணால் காண எனக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. பூவை உற்றுப் பார்க்க உதவும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைவில்லை சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதைக் கண்ணுக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு, பூவை அதனிடம் கொண்டுவர வேண்டும். வில்லையைப் பூவுக்கு அருகில் வைத்துவிட்டுத் தொலைவிலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு.

செவ்வரத்தையை விட்டு நகருமுன் இன்னுமொன்று. அடுக்குச் செவ்வரத்தை வீட்டில் இருந்தால் அதன் உள்ளிதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். கேசரங்களாக வளர வேண்டியவைதான் அங்கே இதழ்களாக மாறியிருக்கின்றன. சில இதழ்களின் விளிம்பில், மாற்றம் முழுமை பெறாமல், ஒரு மஞ்சள் மகரந்தக்கூடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதி இதழ், பாதி கேசரம். அதை முதன்முதலில் கண்ட நாளில் நான் வேலைக்குப் போகப் பிந்திவிட்டேன்.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் அம்மம்மாவைத்தான் சொல்வேன். சாம்பல்தீவில் அவருடைய வளவு முழுவதும் மணல். கிணற்றடியில் மட்டும் எருவிட்டுப் பூசணி நட்டிருப்பார். பாடசாலை விடுமுறைக்கு அங்கே போனால், விடிந்தும் விடியாத பொழுதில் என்னை எழுப்பிக் கொடியடிக்கு அழைத்துச் செல்வார். அங்கே இரண்டு வகைப் பூக்கள் இருக்கும். ஒன்று மெல்லிய நீண்ட காம்பில் நிமிர்ந்து நிற்கும். மற்றதன் அடியில் கோலிக்குண்டளவில் ஒரு பிஞ்சு இருக்கும். அம்மம்மா காம்புப் பூவைப் பறித்து, அதன் இதழ்களைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுவில் எஞ்சும் மஞ்சள் தண்டைப் பிஞ்சுப் பூவுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றித் தடவுவார். "வெய்யில் ஏற முன்னம் தொட்டுவிட வேணும் பிள்ளை, பிறகு தொட்டு ஒரு பிரியோசனமும் இல்லை" என்பார். எந்தப் பூவைத் தொட்டோம் என்பது மறந்துபோகாமல் இருக்க, காம்பில் ஒரு பழைய சீலைத் துண்டைக் கட்டிவிடுவார். ஒருநாள் நான் அவசரத்தில் ஒரு பூவின் ஒரு பக்கத்தை மட்டும் தடவிவிட்டு ஓடிவிட்டேன். அந்தக் காய் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணலாக வளர்ந்தது. அதை அம்மம்மா வெட்டி எனக்குக் காட்டினார். பருத்த பக்கத்தில் விதைகள் நிறைந்திருந்தன. சூம்பிய பக்கத்தில் வெறும் சோற்றி மட்டுமே இருந்தது.

அம்மம்மா எழுத்தறியாதவர். ஆனால் அவர் அன்று காட்டியது தாவரவியலின் அடிப்படையான உண்மை. பூசணியின் ஆண்பூவில் கேசரங்கள் ஒட்டி ஒரே தூணாக நிற்கின்றன. பெண்பூவின் நடுவில் தடித்த, பிசுபிசுப்பான குறி விரிந்திருக்கிறது. பூசணி மகரந்தம் பெரியது. ஒரு மகரந்தமணி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கையும் சற்று விஞ்சும். ஆகவே கைவில்லையில் அவை மஞ்சள் குருமணலாகத் தெரியும். குறியில் ஒட்டிய ஒவ்வொரு மணியும் முளைத்து, ஒரு நுண்ணிய குழாயைக் கீழே, விதைகள் உருவாகும் சூலகத்தை நோக்கி அனுப்புகிறது. ஒரு விதை உருவாக ஒரு மணி வேண்டும். நூற்றுக்கணக்கான விதைகளுக்கு நூற்றுக்கணக்கான மணிகள் வேண்டும். பற்றாக்குறை ஏற்பட்ட பக்கம் சூம்புகிறது. பூக்களுக்கு ஆண், பெண் என்ற பகுப்பு உண்டென்பதைச் சோதனைகளால் நிறுவியவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வாழ்ந்த கமெராரியுஸ், ஆண்டு 1694. ஆமணக்கின் ஆண்பூக்களைக் கிள்ளிவிட்டும், சோளத்தின் குறிகளை அகற்றிவிட்டும், விதை பிடிக்காததை அவர் எடுத்துக்காட்டினார். அவர் கிள்ளி அறிந்ததை அம்மம்மா தடவி அறிந்திருந்தார் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

இந்த அறிவு மறக்கப்பட்டதால் நேர்ந்த இழப்பையும் நான் கண்டிருக்கிறேன். நிலாவெளிப் பக்கத்தில் ஒரு தாய், பாகலும் பூசணியும் பூத்துப் பூத்துக் கொட்டுகின்றனவே தவிரக் காய்க்கவில்லை என்று கண் கலங்கினார். பூ உதிர்வதைத் தடுக்க மருந்து அடிக்கும்படி ஒரு கடையில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு, பூக்கள் விரிந்து தேனீக்கள் வரும் அதே வேளையில், பூச்சிகொல்லியை அடித்துவந்திருக்கிறார். தேனீ போய்விட்டது; காயும் போய்விட்டது. மருந்தை நிறுத்தச் சொல்லி, அம்மம்மாவின் முறையைக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த கிழமையே பிஞ்சுகள் பிடிக்கத் தொடங்கின.

நெல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போனால் தம்பலகாமத்தார் என்னை மன்னிக்கமாட்டார்கள். நெற்பூவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தேனும் இல்லை. முற்பகலில் உமியின் இரண்டு பாதிகளும் மெல்ல விலகுகின்றன. ஆறு கேசரங்கள் வெளியே தொங்குகின்றன. உள்ளே கோழிக்குஞ்சின் இறகுபோன்ற இரண்டு வெண்குறிகள் தெரிகின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்த வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதராகிவிடும். சிறுபோக வயலில் கதிர் நிமிர்ந்தே நிற்பதைக் கண்டு கவலைப்படும் விவசாயி, உண்மையில் அந்த ஒரு மணி நேரத்தின் விளைவைத்தான் பார்க்கிறார்.

இனி, நான் எங்கே பேசினாலும் பேசாமல் விடாத பூவுக்கு வருகிறேன். நாகலிங்கப்பூ. கோயில் வெளிவீதிகளிலும் விகாரை வளவுகளிலும் இதனைக் கண்டிருப்பீர்கள். மரத்தின் அடித்தண்டிலிருந்தே கயிறுகள்போலப் பூங்கொத்துகள் தொங்கும். பீரங்கிக் குண்டுபோன்ற காய்களும் அங்கேயே காய்க்கும். இந்த மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள், அந்த அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது. பூவைக் கையில் எடுங்கள். ஆறு தடித்த இதழ்கள். நடுவில் சிறிய மேடொன்று. அதனைச் சுற்றி நெருக்கமான குட்டை இழைகள். அந்த மேட்டின்மேல் குடைபோல வளைந்து கவியும், பாம்பின் படம்போன்ற ஒரு பகுதி; படத்தின் உட்புறமெங்கும் நீண்ட இழைகள். மேட்டை இலிங்கமாகவும் படத்தை ஆயிரந்தலை நாகமாகவும் நம் முன்னோர் கண்டு வணங்கினர். அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். என் வீட்டிலும் அந்தப் பூவைப் பறித்து வைக்கிறோம்.

ஆனால் கைவில்லையோடு பாருங்கள். மேட்டின் உச்சியில் இருப்பது குறி, அதற்குக் கீழே சூலகம். சுற்றியுள்ள குட்டை இழைகள் கேசரங்கள். படமாகக் கவிந்திருப்பவையும் கேசரங்களே. ஆம், நாகத்தின் தலைகள் அத்தனையும் கேசரங்கள். ஒரே பூவில் இருவகைக் கேசரங்கள் எதற்காக? குட்டைக் கேசரங்களின் மகரந்தமே விதையை உண்டாக்கவல்லது. படத்தில் உள்ள கேசரங்களின் மகரந்தம் மலடு; அது வண்டுக்காகப் படைக்கப்பட்ட உணவு. இந்தப் பூவில் தேன் கிடையாது. கருவண்டு மேலே உள்ள படையலை எடுப்பதற்காகப் படத்துக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட வழியில் நுழைகிறது. அது மேலே பார்த்துத் தின்றுகொண்டிருக்கையில் கீழேயுள்ள குட்டைக் கேசரங்கள் அதன் முதுகில் உண்மையான மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. வண்டு தலைகீழாகத் தொங்கி உண்பதால் அதன் முதுகு கீழ்ப்பக்கமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த பூவில் அதே முதுகு குறியில் உரசுகிறது. கோயில் வீதியில் அதிகாலையில் நின்று இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்கள் என்னை வினோதமாகப் பார்ப்பார்கள். அவர்களிடம் வில்லையைக் கொடுத்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

நேரம் குறைந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஆதலால் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாவது, சிறுவர்களுக்கு. சட்டியில் வளரும் பத்துமணிப்பூவில் அடுக்கில்லாத வகையைத் தேர்ந்து, நல்ல வெயிலில் அது விரிந்திருக்கும்போது, நடுவிலுள்ள கேசரங்களை ஓர் ஈர்க்கின் நுனியால் ஒரு பக்கமாக மெல்லத் தொடுங்கள். அவை உயிருள்ள விரல்கள்போலத் தொட்ட பக்கத்தை நோக்கிச் சாயும். வந்த பூச்சியின்மேல் மகரந்தம் நன்றாகப் படிவதற்கு இந்த அசைவு உதவுகிறது.

இரண்டாவது, எங்கள் குளங்களில் பூக்கும் நீலோற்பலம். இலங்கையின் தேசிய மலராகிய இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச ஆயத்தமாக வந்தேன். முதல் நாள் விரியும் பூவின் நடுவில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அதில் கண்ணீர்த்துளிபோல நீர்மம் நிற்கும். வேறு பூவிலிருந்து மகரந்தம் சுமந்துவரும் பூச்சி வழுக்கி அதில் விழ, மகரந்தம் கழுவப்பட்டுக் குறியைச் சேர்கிறது. பூச்சி சில வேளைகளில் அதிலேயே மூழ்கிவிடுகிறது. இரண்டாம் நாள் அதே பூவில் நீர்மம் வற்றியிருக்கும். கேசரங்கள் உள்நோக்கி வளைந்து கிண்ணத்தை மூடிக்கொண்டு தம் மகரந்தத்தை உதிர்க்கும். முதல் நாள் பெண்ணாகவும் அதன்பின் ஆணாகவும் இயங்கும் ஒரே பூ அது. கந்தளாய்ப் பக்கம் போகிறவர்கள் குளக்கரையில் கைக்கெட்டும் இரண்டு பூக்களை, ஒன்று கிண்ணம் திறந்தது, மற்றது மூடியது, பறிக்காமலே குனிந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலையில், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் போங்கள். வணக்கம்.