வாசிப்பு மெதுவாக வரட்டும், கதை காத்திருக்க வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அப்பா அம்மாக்கள், மீதிப் பேர் ஆசிரியர்கள் என்று சொன்னார்கள். இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் நான் பேசப்போகிற குழந்தை, வாசிக்கத் தடுமாறுவதால் பகலில் ஒருவரிடமும் மாலையில் இன்னொருவரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற குழந்தை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயது. வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொல்வேன். அவன் முறை வருவதற்கு நாலைந்து பேர் முன்னாலேயே தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்பான். விடமாட்டேன். அப்புறம் ஒரு நாள் அவன் பக்கத்தில் நின்றபோதுதான் கவனித்தேன். முன்னால் இருக்கிற தலைகளை எண்ணுகிறான், பிறகு புத்தகத்தில் பத்திகளை எண்ணுகிறான், தனக்கு எது வரும் என்று கண்டுபிடித்து அதை மட்டும் உதடு அசைய மனப்பாடம் செய்யப் பார்க்கிறான். அவன் விரல் வைத்திருந்த இடத்தில் தாள் வியர்வையில் நனைந்திருந்தது. மற்றவர்கள் வாசித்த பாடத்தில் ஒரு வரிகூட அவன் காதில் ஏறியிருக்காது. கவனமில்லாத பையன் என்று அவன் ரிப்போர்ட் கார்டில் எழுதியது நான்தான். அவ்வளவு உன்னிப்பாக உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இது புதிய கதையும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி என்று பெயர். சுறுசுறுப்பானவன், கணக்கு பிடிக்கும், பெரிய பெரிய எண்களைத் தடங்கல் இல்லாமல் படிப்பான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெசி’ என்று எழுதுவான், அது தப்பு என்பதும் அவன் கண்ணுக்குப் படாது. அவனுக்குப் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்றார். நூற்றுமுப்பது வருஷமாகப் போகிறது. நாம் இன்னும் அந்த வாக்கியத்தைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

நான் இன்று கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். கற்பதையும் வாசிப்பதையும் பிரித்து வையுங்கள். வாசிக்க வந்தால்தான் கதை, வாசிக்க வந்தால்தான் அறிவியல், வாசிக்க வந்தால்தான் விளையாட்டு என்று வாசிப்பை எல்லாவற்றுக்கும் வாசற்கதவாக வைத்துவிட்டோம். கதவு திறக்காத குழந்தை வெளியிலேயே நிற்கிறது. வெளியில் நின்றுகொண்டு யாருக்குப் படிப்பு பிடிக்கும்?

பேச்சு மனிதனுக்குத் தானாக வரும். எழுத்து அப்படி வராது, அது தோன்றியே சுமார் ஐயாயிரம் வருஷம்தான் ஆகிறது. மூளையில் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இருக்கிற பகுதிகளை ஒன்றோடொன்று கோத்துத்தான் ஒவ்வொரு குழந்தையும் வாசிக்கப் பழகுகிறது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் பிறவியிலேயே வருகிற சிக்கல், உள்ள குழந்தைக்கு அந்த இணைப்பு மெதுவாக விழுகிறது. அறிவுக் குறைவு இதற்குக் காரணம் இல்லை, சோம்பலும் இல்லை. கண், காது இரண்டையும் முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அது அவசியம். ஆனால் இது கண்ணாடி போட்டால் தீர்கிற விஷயம் அல்ல. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. நான் பேசும்போது பின்வரிசையில் சில அப்பாக்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், தங்கள் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும். நீங்கள் தலை குனிய ஒன்றுமே இல்லை.

தமிழ் எழுதினபடியே படிக்கிற மொழிதானே, இதில் என்ன கஷ்டம் என்பார்கள். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். காதுக்கு முதலில் ‘க்’ வருகிறது, பிறகு ‘ஒ’. கண்ணுக்கோ முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் துணைக்கால். வாயில் பின்னால் வருவது தாளில் முன்னாலும் பின்னாலும் நிற்கிறது! ‘கௌ’ எழுதினால் அதில் பாதி ‘ள’ மாதிரியே இருக்கிறது. இரண்டு சுழி, மூன்று சுழி வேறு. நாம் பழகிவிட்டதால் நமக்கு இது தெரிவதே இல்லை. தடுமாறும் குழந்தையிடம் ‘எத்தனை தடவை சொல்வது’ என்று கேட்பதற்கு முன் இந்த ஒரு எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் புத்தகத்தை மூடிவிட்டு ஒலியில் விளையாடுங்கள். ‘மரம்’ சொல்லு, ‘ம’வை எடுத்துவிட்டு ‘வ’ போடு, என்ன வருகிறது? வரம். ‘த’ போடு, ‘க’ போடு, ‘சு’ போடு. சுரம் என்று சொல்லிவிட்டு அதற்கு அர்த்தம் உண்டா என்று அவர்களே கேட்பார்கள். நடக்கும்போதும் பயணத்திலும் விளையாடலாம். வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தைகளில் நிறையப் பேருக்கு, சொல்லை இப்படி ஒலியாகப் பிரித்துக் கேட்பதிலேயே தடுமாற்றம் இருக்கும். அதனால் இது வெறும் விளையாட்டு இல்லை, உண்மையான வேலை.

எழுத்தைக் கையாலும் படிக்க வையுங்கள். தட்டில் மணல் பரப்பி, ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதட்டும். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி சொல்லிக்கொடுக்கிற இந்த முறையை 1930-களிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாம் போன்றவர்கள் வளர்த்தெடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து போதும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இன்னும் கொஞ்சம் என்று குழந்தை கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள், அழுகிற இடத்தில் அல்ல. இதைச் செய்ய எனக்கே பல வருஷம் பிடித்தது, நன்றாக வரும்போது இன்னும் ஒரு பக்கம் தள்ளிவிடலாம் என்ற ஆசையை அடக்குவது அவ்வளவு லேசு இல்லை.

எண்களில் சிக்கல் என்றால் தரையில் ஒன்று முதல் இருபது வரை சாக்பீஸால் எழுதி அதன்மேல் நடக்க விடுங்கள். ஏழோடு நான்கு என்றால் ஏழில் நின்று நான்கு அடி எடுத்து வைக்கட்டும். கையில் கடிகாரத்தோடு வாய்ப்பாடு கேட்காதீர்கள். எழுதுவது மட்டும் கஷ்டம் என்றால் பதிலை வாயால் சொல்லட்டும், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாராட்டும்போது ‘நீ புத்திசாலி’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், குழந்தை அதை நம்பாது. ‘போன வாரம் கொம்பைப் பார்த்து நின்றாய், இன்று நிற்காமல் போனாய்’ என்று சொல்லுங்கள். அது கண்ணால் பார்த்த விஷயம், நம்பும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு அம்மா கேட்டார். ‘எல்லாவற்றையும் நானே வாசித்துக் காட்டினால் அவன் சோம்பேறி ஆகிவிட மாட்டானா, தானாக எப்போது படிப்பான்?’ நியாயமான பயம்தான். நீங்கள் வாசிக்கும்போது அவனுக்குச் சொற்கள் சேர்கின்றன, அடுத்து என்ன என்ற ஆவல் சேர்கிறது. அந்த ஆவல் இல்லாமல் கொம்பும் துணைக்காலும் எதற்கு? அதனால் பயிற்சி தனியாக நடக்கட்டும், கதை தனியாக நடக்கட்டும். இரண்டும் என்றைக்கு ஒன்று சேரும் என்று நாள் குறிக்காதீர்கள்.

அந்த ஒன்பது வயதுப் பையனை எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தினேன். தினமும் கடைசிப் பத்து நிமிடம் வகுப்புக்கே நான் ஒரு நீண்ட கதையை வாசித்தேன். நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் முக்கியமான இடத்தில் மணி அடித்துவிட்டது, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டேன். எல்லோரும் போனார்கள், அவன் போகவில்லை. பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து, எழுத்துக் கூட்ட ஆரம்பித்தான். ஒரு வரிக்கு நான்கு நிமிடம் ஆனது. நான் கரும்பலகையைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.