கார்ட்டூனிஸ்ட் மாறிவிட்டாரா?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கார்ட்டூனிஸ்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "முன்னே மாதிரி இல்லைங்க, ஆள் கட்சி மாறிட்டார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு சந்தேகம். மாறியது அவரா, அவர் நம்பிய கட்சியா?

தாமஸ் நாஸ்ட் என்று ஓர் அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. குடியரசுக் கட்சிக்கு யானைச் சின்னத்தை நிலைநிறுத்தியவர். நியூயார்க் நகரப் பணத்தைச் சுருட்டிய ட்வீட் என்ற அரசியல்வாதியைத் தொந்தியும் தொப்பையுமாக வரைந்து, ஓட ஓட விரட்டினார். ட்வீட் காவலிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கே போய்விட்டார். 1876இல் அங்கே அவரைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? நாஸ்டின் கார்ட்டூன்தான்!

இப்படிப்பட்டவர் 1884 அதிபர் தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளர் பிளெய்னை எதிர்த்தார். பிளெய்ன் மேல் ஊழல் புகார் இருந்தது. நாஸ்ட் எதிர்க்கட்சியின் கிளீவ்லாந்தை ஆதரித்தார். கட்சிக்காரர்களுக்குக் கோபம். என்னைக் கேட்டால், அவர் மாறவே இல்லை. ட்வீட்டைத் திட்டிய அதே வாய்தான் பிளெய்னையும் திட்டியது.

சரி, உடனே மாலை போட்டுவிட வேண்டாம். 1860களில் கறுப்பின மக்களின் உரிமைக்காக உருக்கமாக வரைந்தவர், 1874இல் தென் கரோலினாவின் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர்களைக் கூச்சல் போடும் கோமாளிகளாக வரைந்தார். கவனியுங்கள், அப்போது அவர் கட்சி மாறவில்லை. மறுபடியும் சொல்கிறேன், கட்சி அதேதான்! ஆனாலும் ஆள் மாறியிருந்தார். அதனால் நான் கட்சியைப் பார்ப்பதில்லை. படத்தில் அடி வாங்குகிறவர் வலியவரா எளியவரா, அதை மட்டும் பார்க்கிறேன்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் 1972இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பதவி வந்தால் பேனா மழுங்கும் என்பார்கள். 1975 டிசம்பர், நெருக்கடி நிலை. குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுவதாக வரைந்தார். அதற்குப் பிறகு என்ன பேச்சு!

அப்புறம் பால் தாக்கரே. கார்ட்டூனிஸ்டாக இருந்து, 1960இல் 'மார்மிக்' வார இதழ் தொடங்கி, 1966இல் சிவசேனையையே தொடங்கியவர். கேலி செய்தவரே தலைவரானால் என்ன ஆகும் என்று விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.