கடன் கொடுத்தாயிற்று, அப்புறம்?

(தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு உறுப்பினர்களிடையே ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வங்கி நண்பர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் அரசு முன்னின்று மகளிர் குழுக்களைத் தொடங்கியது 1989ல், இந்த மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவி வந்தது, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது. 2004ல்தான் தனி மாவட்டமானது. நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை 1992ல் தொடங்கியபோது, நம் ஊர்ப் பெண்கள் தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியிருந்தார்கள்.

பெருமை பேசியது போதும். அன்றைக்கு இருந்த குறை, வங்கி வாசலை ஏழைப் பெண் மிதிக்க முடியாது என்பது. இன்று குழுக் கடன் ஒன்று, தனியார் நிறுவனங்கள் வீடு தேடி வந்து தரும் வாரக் கடன் இரண்டு, அடகு நகை ஒன்று என்று ஒரே வீட்டில் நாலு கடன் ஓடுகிறது. ஆக, கடன் கிடைத்துவிட்டது. அந்தக் கடன் எதில் போய் உட்கார்ந்தது, அது எந்த மாதத்தில் பணமாகத் திரும்பி வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வங்கியில் இருந்தவர்கள் நாங்களும் அதைச் சரியாகக் கேட்டதில்லை. டியூ, அதாவது தவணை, ஒழுங்காக வருகிறதா என்பதோடு எங்கள் அக்கறை முடிந்துவிடும்.

கறவை மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன தொழில் செய்யப் போறீங்க’ என்றால் பத்தில் எட்டுப் பேர் மாடு என்பீர்கள். நல்ல தொழில்தான். சொசைட்டியில் பால் ஊற்றினால் பணம் வரும். ஆனால் மாடு வருஷம் முழுவதும் ஒரே மாதிரி கறக்காது. கன்று போட்ட முதல் சில மாதம் நன்றாகக் கறக்கும், பிறகு மெல்லக் குறையும். அடுத்த கன்றுக்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தியாக வேண்டும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். சினைப் பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான் வரும். இரண்டு மூன்று தடவை தவறினால், வற்றிய மாட்டுக்கு அந்தக் காலம் முழுக்கத் தீவனம் நீங்கள்தான் போட வேண்டும். மாடு கறக்காத மாதத்திலும் டியூ வரும். அந்த டியூவைக் கட்டத்தான் வாரக் கடன் வீட்டுக்குள் நுழைகிறது.

அதனால் ஒரு மாட்டுக்குக் கடன் கேட்காதீர்கள். ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கிற மாதிரி, சில மாத இடைவெளியில் இரண்டாவது மாட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வங்கி நண்பர்களே, முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்து இரண்டு மாட்டையும் ஒரே சந்தையில் பிடிக்க வைக்காதீர்கள். கோடையில் பச்சைப் புல்லுக்கு என்ன வழி என்பதையும் மனு எழுதும்போதே பேசுங்கள். பத்து சென்ட் நிலமும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் தீவனப் புல் போடலாம். இரண்டும் இல்லையென்றால் மாடு வேண்டாம், ஆடு போதும். இன்னொன்று: காப்பீடு செய்த மாட்டின் காதில் அடையாளத்துக்கு மாட்டிய வில்லை விழுந்துவிட்டால் உடனே சொல்லி வேறு போட்டுக்கொள்ளுங்கள். வில்லை இல்லாத மாடு செத்தால் காப்பீட்டுப் பணம் வாங்குவது பெரும்பாடு.

தக்காளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்கே கட்டாது, பழம் செடியிலேயே கிடக்கும். கடன் வாங்கித் தக்காளி மட்டுமே போடுகிறவரைத் தடுப்பது குழுவின் கடமை.

புளி அப்படியில்லை, அது காத்திருக்கும். மாசி, பங்குனியில் பாப்பிரெட்டிப்பட்டி பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமும் பெண்கள் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிறார்கள். கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலி. அதே புளியைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, நிறம் கறுக்காமல் காத்து, விலை ஏறும்போது விற்கிறவருக்கு லாபம். உழைப்பு நம்முடையது, காத்திருக்கும் சக்தி அவருடையது. கூட்டமைப்புக்கு வருகிற நிதியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துத் தீர்ப்பதைவிட, ஒரு பங்கைப் புளி வாங்கி இருப்பு வைக்கப் போட்டால், அறுவடைக் காலத்தில் கூலிக்குத் தட்டியவர்களே ஐப்பசியில் விற்பனையாளர்கள் ஆகலாம். ஈரம் காயாமல் மூட்டை கட்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்பதும் உண்மை. பழகிய கை இரண்டு பேராவது வேண்டும்.

சரி, வாரக் கடன். ‘பன்னிரண்டு சதவீதம்தான்’ என்று ஒருவர் சொன்னால், அது ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். 10,000 ரூபாய் வாங்கி, 1,200 வட்டி சேர்த்துப் பன்னிரண்டு மாதத் தவணையாகக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் அசல் குறைகிறது, வட்டி மட்டும் முழுத் தொகைக்கே. கணக்குப் போட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் 2022ல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார்கள். வாரக் கடன் தவணைக்கே அது போய்விடுகிறது என்று பலர் சொல்கிறீர்கள். ஒருவர் இருவர் என்றால் அவரவர் பாடு. குழுவில் பாதிப் பேருக்கு அப்படி என்றால், அடுத்த கூட்டத்தில் சேமிப்பை எழுதுவதற்கு முன்பே எல்லோருடைய வெளிக்கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், முதல் தடவை யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் தன் கடனை முதலில் சொல்லட்டும். அதில் அதிக வட்டிக் கடனைக் குழுவின் சேமிப்பிலிருந்தே உள்கடன் கொடுத்து அடைத்துவிட்டு, அதற்கப்புறம் புதுக் கடனுக்கு மனுப் போடலாம்.

நான் நிறுத்திக்கொள்கிறேன். பாலக்கோட்டு அக்கா ரொம்ப நேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார். தக்காளியைப் பற்றிச் சண்டை போடத்தான் என்று நினைக்கிறேன், மைக்கை அவரிடம் கொடுங்கள்.